இரண்டாம் பூச்சு

சுங்கை சிப்புட் கடைத்தெருவில்
லியோங் வண்ண அட்டையை விசிறிபோல விரித்தார்.
ஆயிரத்துச் சொச்சம் நிறங்கள்.
எங்களை யாரும் நிறம் கேட்டதில்லை.
லயத்தில் நிர்வாகமே அடித்துத் தந்துவிடும்:
மேலே வெள்ளை, இடுப்புக்குக் கீழே தார்க் கறுப்பு,
தீபாவளிக்கு முந்திய வாரம்,
ஆணி, பல்லி, சிலந்திவலை
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அடி.

"படுக்கையறைக்கு" என்றேன்.
சொன்னதும் எனக்கே கொஞ்சம் கூச்சம்.
அப்படியோர் அறை, கதவோடு, தாழ்ப்பாளோடு,
முப்பத்தெட்டு வயதில்தான் வாய்த்திருக்கிறது,
முப்பது வருடக் கடனில்.

குணசீலன் கருநீலத்தின் மேல் விரலை வைத்தார்.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை அவருக்கு.
மாலை ஆறே முக்காலுக்கு முச்சந்தியில் பஸ்;
காலை எட்டரைக்கு, விரலிடுக்கில் வெள்ளைப் பவுடரோடு
வந்து விழுவார்.
"எனக்குப் பகல்ல ராத்திரி வேணும்"
கடைக்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

எனக்கு மஞ்சள். அதுவும் பளீரென்று இல்லை,
எலுமிச்சையைப் பிழிந்து போட்டபின்
உள்தோலில் மிஞ்சியிருக்குமே, அந்த மஞ்சள்.
பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு நாசி லெமாக் கட்ட
நாலு மணிக்கு எழுகிறவள் நான்.
விடியும் என்று நம்ப
ஒரு சுவராவது வேண்டும்.

"தங்கச்சி, நாலு செவுரு இருக்குல்ல,
ஏன் சண்டை?" என்றார் லியோங்.
சண்டை இல்லை.
சண்டை போட இருவரும் ஒரே நேரத்தில்
வீட்டில் இருக்க வேண்டும்.

மாதிரி டப்பிகள் இரண்டு வாங்கி வந்து
கட்டில் தலைமாட்டில் ஆளுக்கொரு சதுரம் பூசினோம்.
பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்:
இரவு ஒன்பது. டியூப் லைட்டில் உங்கள் நீலம்
கிளினிக் மாதிரி இருக்கு.
மறுநாள் அதற்குக் கீழே:
காலை பத்து. உன் மஞ்சள் கண்ணைக் குத்துது.
தலையணையை முகத்தில் போட்டுத் தூங்கினேன்.

மூன்று வாரம் இப்படி.
நிறத்தில் தொடங்கியது
நிறத்திலேயே நிற்கவில்லை.
தண்ணீர் பில் கட்டியாச்சு.
பக்கத்து வீட்டுக்காரர் பூனை நம்ம செருப்பில் படுக்குது.
நேத்து உன் கனவு வந்தது, பகலில், மூணு மணி இருக்கும்.
அந்த வரியை நான் இரண்டு முறை படித்துவிட்டு
பதில் எழுதாமல் விளக்கை அணைத்தேன்.

கடைசியில் நிறத்தைத் தீர்மானித்தது விலை.
யாரோ கலக்கச் சொல்லி,
பார்த்துவிட்டு வேண்டாமென்று போன டின்,
ஐந்து லிட்டர், பாதி விலை.
மூடியைத் திறந்ததும் இருவரும் எட்டிப் பார்த்தோம்.
மழைக்கு முன் காற்றடிக்கும்போது
செம்பனை ஓலை புரண்டு
அடிப்பக்கம் காட்டுமே, அந்தச் சாம்பல் பச்சை.
"கெட்டதில்ல" என்றார்.
அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

பொது விடுமுறை ஒன்றில் அடித்தோம்,
பழைய கைலியைத் தலையில் கட்டிக்கொண்டு,
ஜன்னல்கள் அத்தனையும் திறந்துவிட்டு.
நீலமும் மஞ்சளும் முதல் பூச்சிலேயே அடங்கின.
பென்சில் அடங்கவில்லை.
காயக் காய ஒரு வரி மட்டும்
மேலே வந்து நின்றது, அவர் கையெழுத்தில்:
கேஸ் தீர்ந்துவிட்டது. உன் இருமல்?
அழுத்தி எழுதியிருக்கிறார் மனுஷன்.
ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு
ஆளுக்கு ஆள் பார்த்தோம்.
"சுவர் வீணாப் போவும்" என்று
இரண்டாம் பூச்சை அவரே அடித்தார்.

அன்று மாலை ஐந்தரைக்கு
சாய்ந்த வெயில் ஒரு நிமிடம் உள்ளே வந்தது.
அந்த நிறத்தை நாங்கள் ஒன்றாகப் பார்த்தது
அப்போது மட்டும்தான்.

இப்போது தடித்த திரை போட்டாயிற்று, அவருக்கு ராத்திரி கிடைத்தது.
என் பக்கம் சின்ன மஞ்சள் விளக்கு.
கட்டில் விரிப்புதான் பொருந்தவில்லை:
அவர் அக்கா கொடுத்தது,
தட்டு அகலத்துக்குச் சிவப்பு ரோஜாக்கள்.
அதைப் பற்றிய என் கருத்தை
அலமாரிக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்.