வில்

நவம்பர் பதினான்கு.
விடிந்தால் இஷ்பெமிங்கில் மான் வேட்டை.
ஊர் முழுக்கத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்க
வில்லை யார் கேட்பார்கள்?
அதனால்தான் இன்றைக்கு வந்தேன்.

நிலவறைப் படியில் எனக்கு முன்னால் இறங்கியவள்
லெம்பி ஹார்யு.
இரும்புச் சுரங்க அலுவலகத்தில்
முப்பது வருஷம் சம்பளக் கணக்கு எழுதியவள்.
சுவரில் பதினொன்று,
நாண் கழற்றி, கிடைவாக்கில், மர முளைகளின் மேல்.
மூலையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது.
“உங்கள் கணவர் எத்தனை பவுண்டு இழுப்பார்?” என்றேன்.
“அவர் பௌலிங் ஆடினார்” என்றாள்.
“இவை என்னுடையவை.”

வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

பஞ்சு உருண்டையை விளிம்போடு ஓட்டினேன்.
விரலுக்குத் தெரியாத சிலும்பு
பஞ்சுக்குத் தெரிந்துவிடும்.
நான்காவதில் ஓர் இழை நின்றுகொண்டது.
நாணேற்றி, நுனியிலிருந்து நுனிவரை
ஒற்றைக் கண்ணை ஓடவிட்டேன்:
ஏழாவதின் கீழ்க்கை
தூக்கத்தில் புரண்டவன்போல் சற்றே முறுகியிருந்தது.
ஒன்பதாவதின் பிடியில் இரண்டு துளைகள்.
“யாரோ பார்வைக்குறி மாட்டக் குடைந்திருக்கிறார்கள்,
நாற்பது டாலர் குறையும்.”
“யாரோ இல்லை. நான்தான்.
அந்த வருஷம் கண் சரியில்லை.”

எல்லாமே இடக்கை வில்.
“இது பத்தில் ஒருவருக்குத்தான் ஆகும்,
பாதி விலைகூடப் போகாது” என்றேன்.
“அந்த ஒருவருக்கு
வேறு கடை எது?” என்றாள்.

விலைப்படி தரையில் அடுக்கினேன்.
அவள் குனிந்து, ஒன்றும் சொல்லாமல்,
வேறு வரிசையில் மாற்றி வைத்தாள்.
பிடிக்கு மேலே மையில் எழுதியிருந்த எடைகள்
இப்போது ஒழுங்காக இறங்கின:
ஐம்பத்திரண்டு, ஐம்பது, நாற்பத்தெட்டு,
நாற்பத்தைந்தில் மூன்று, நாற்பது, முப்பத்தெட்டு,
பிறகு ஒரே தாவாக முப்பது,
இருபத்தெட்டு, இருபத்தாறு.
முப்பத்தெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவில்
ஒரு மருத்துவமனை இருந்திருக்க வேண்டும்.
அவள் இடது தோளைப் பார்த்தேன். கேட்கவில்லை.
கேட்டால் விலை ஏறும்.

ஒரே சொல்.
அவளுக்குப் பெயர்,
எனக்கு ஏவல்.

“மொத்தமாக ஆயிரத்து நூறு,” என்றேன்,
ரொட்டி விலை சொல்கிற குரலில்.

அவள் இயந்திரத்தை அணைத்தாள்.
நிலவறை திடீரென்று பெரிதானது.
“மூன்றாவதுக்கு நீங்கள் பஞ்சு போடவில்லை.
தொட்டீர்கள், வைத்தீர்கள்,
ஏழாவதைப் பார்க்கிற மாதிரி மறுபடி தொட்டீர்கள்.
பிடியிலிருக்கும் எண்ணைப் படிக்காமலே
முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.
குறி எது என்று
ஆளின் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
அதற்கு மட்டும் அறுநூறு.
மற்றது உங்கள் மனசாட்சி.”

கருங்காலிப் பிடி. கையால் எழுதிய எண், இரண்டே இலக்கம்.
அறுநூறுக்கும் அது மலிவு.
அவளுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன்.
காது சுட, காசோலையில்
ஆயிரத்து அறுநூற்றைம்பது எழுதினேன்.
எழுத்தாலும் எண்ணாலும்
இரண்டு முறை சரிபார்த்தாள்.

ஒவ்வொன்றாகப் போர்வையில் சுற்றி
வண்டிக்கு ஏற்றினேன். பனி விழத் தொடங்கியிருந்தது.
கடைசி வில்லுக்குத் திரும்பி வந்தபோது
இருபத்தாறு பவுண்டை அவள் கையில் வைத்திருந்தாள்.
“உங்கள் கணக்கில் இது எவ்வளவு?”
“இருபது டாலர்.
சிறுவர்கள் பழக யாராவது வாங்குவார்கள்.”

மேஜை இழுப்பறையைத் திறந்து
இரண்டு பத்து டாலர் தாள்களை எடுத்தாள்.
“கொடுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.”

“வேண்டாம், சும்மாவே வைத்துக்கொள்ளுங்கள்” என்று
சொல்ல வாய் வந்தது.
அவள் நின்ற விதம் அதற்கு இடம் தரவில்லை:
பாதம் குறுக்காக, நிமிர்ந்து,
தாள் நீட்டிய கை கொஞ்சமும் நடுங்காமல்.

வாங்கிக்கொண்டேன்.
அன்றைய போணி அதுதான்.