ஒரு சென்ட் பாக்கி

ஏரியின் மேலே இரண்டடிப் பனிக்கட்டி.
அதன் மேலே ஆர்வோவின் பலகைக் குடில்.
உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு, நான்கு பேர்,
காலடியில் துளைத்தெடுத்த
வட்டமாய்க் கொஞ்சம் கருநீர்.
மின்னசோட்டாவில் பிப்ரவரி.
மீன் கடிக்காவிட்டால்
நாங்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொள்வோம்.

முதலில் ஆர்வோ. பக் நூற்றுப்பத்து.
பித்தளை முனை, கருமரப் பிடி,
கால்சட்டையைக் கீழே இழுக்கும் கனம்.
திறந்தால் டக்கென்று ஒரு தீர்ப்பு.
"கதவு சாத்துற மாதிரி கேக்கணும்,
அப்பதான் அது கத்தி."

டார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
சிரிக்காமலே சிரிக்க வைப்பாள்.
அவளுடையது ஸ்பைடர்கோ, அலகில் ஒரு துளை,
கையுறையோடே கட்டைவிரல் திறந்துவிடும்.
"இந்தக் குளிர்ல உன் பித்தளையை
ஒருதரம் நக்கிப் பார் ஆர்வோ,
நாக்கு யார் கட்சின்னு தெரிஞ்சுபோகும்."

நான் ஒப்பினல்காரன்.
பீச் மரப் பிடி, கழுத்தில் சுழலும் வளையம்,
வேறொன்றும் கிடையாது.
விலையைச் சொன்னேன், இரக்கப்பட்டார்கள்.
ஈரம் பட்டால் மரம் உப்பிக்கொண்டு
திறக்க மறுக்கும், ஒப்புக்கொள்கிறேன்.
துருப்பிடிக்கும், அதையும்.
ஆனால் அலகில் ஏறியிருக்கும்
இந்த நீலச்சாம்பல் கறை இருக்கிறதே,
நான் தின்ற ஆப்பிள்களின் கணக்கேடு.
உங்கள் பளபளப்புக்கு
நேற்று என்ன சாப்பிட்டதென்றாவது தெரியுமா?

ஹால்வர் பேசவில்லை.
ஐந்து குளிர்காலமாக
அவனும் ஆர்வோவும் பேசுவது எங்கள் வழியாகத்தான்.
உப்பை நகர்த்தச் சொல்லு அவனை.
கதவை மூடச் சொல்லு இவனை.
படகு மோட்டார் விவகாரம் என்பார்கள்.
மோட்டாரை நான் பார்த்திருக்கிறேன்,
ஐந்து வருஷத்துக்குப் பெறாது.

டார்லிஸ்தான் விடவில்லை.
"உன் பையில என்ன?"
மெதுவாக எடுத்தான். கேஸ் டிராப்பர்.
வெண்ணெயாய்த் தேய்ந்த மஞ்சள் பிடி.
நகத்தால் ஒன்றைத் திறந்தான், பிறகு மற்றொன்றை.
ஒரே உறையில் இரண்டு கத்தி உறங்காதாம்.
சொன்னவர் இதைப் பார்த்ததில்லை.
முதுகு உரச, முனை ஒரே திசையில்
எத்தனை வருஷத் தூக்கம்.

ஆர்வோ அடுப்பைப் பார்த்து என்னிடம் சொன்னான்:
"அது நான் கொடுத்தது."
"காசு வாங்கினியா?" என்றாள் டார்லிஸ்.
"அன்பளிப்புக்கு யாராவது…"
பாதியில் நின்றது வாக்கியம்.

இங்கே எல்லோருக்கும் தெரியும்,
கத்தியைச் சும்மா கொடுக்கக் கூடாது.
ஒரு சென்டாவது வாங்கிக்கொள்ள வேண்டும்.
இல்லையென்றால் அது முதலில் வெட்டுவது
கொடுத்த கைக்கும் வாங்கிய கைக்கும்
நடுவில் இருப்பதை.

யாரும் நம்புவதில்லை.
ஹால்வரும் நம்பாமல்தான் பைகளைத் துழாவினான்.
ஒரு தூண்டில் முள், இரண்டு திருகாணி,
பெட்ரோல் ரசீது, அடியில் செம்புச் சென்ட் ஒன்று.
வாளியின் கவிழ்த்த அடிமேல் வைத்தான்.
அது விளிம்பில் நின்றது,
யோசித்தது,
உருண்டது,
பனிக்கட்டியில் ஒருமுறை கிணுங்கி
துளைக்குள் போய்விட்டது.

நான்கு பேரும் தண்ணீரைப் பார்த்தோம்.

"செல்லாது," என்றான் ஆர்வோ.
"என் கைக்கு வரல."
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
"குடில் உன்னது, துளை நீ போட்டது," என்றான் ஹால்வர்.
"வந்து சேர்ந்த கணக்குதான்."
"இறங்கி எடுத்துக் குடு."
"நீயே இறங்கு. உன் பக்கைக் கட்டிக்கிட்டா
நேரா அடிக்குப் போயிரலாம்."

டார்லிஸ் பூட்ஸ் நாடாவை அவிழ்த்து
மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

இருட்டும்வரை ஒரு மீனும் இல்லை.
அவர்கள் எஃகைப் பற்றி, பூட்டைப் பற்றி,
பிறகு எப்படியோ மோட்டாரைப் பற்றியும்
கத்திக்கொண்டிருந்தார்கள்.
பசித்தது. தொத்திறைச்சியை எடுத்தேன்.
அடுப்பு ஆவியில் என் ஒப்பினல்
உப்பிப்போய்த் திறக்க மாட்டேனென்றது.
வெட்கத்தோடு ஹால்வரிடம் கேஸை இரவல் கேட்டேன்.

"எந்த அலகு?" என்றான்.
"நீளமானது," என்றான் ஆர்வோ,
"மத்தது மீனுக்கு."