சங்குக்கு முன்

ரோகிஷ்கிஸ் பள்ளி அரங்கில்
பலகைக்குப் பின்னே சிவப்பு விளக்கு கிடையாது.
சங்கு மட்டும்தான்.
அதை அழுத்துவது அல்விடாஸின் கட்டைவிரல்.
அரை இமைப்பு பிந்தும் விரல்
என்று லித்துவேனியாவின் இந்த மூலைக்கே தெரியும்.

ஒரு புள்ளி பின்தங்கிய உள்ளூர்ப் பையன்
வலது ஓரத்தில் எழும்பினான்.
எல்லோரும் வளையத்தைப் பார்த்தார்கள்.
நான் அவன் விரல்நுனியை.
பந்துக்கும் தோலுக்கும் நடுவே
ஒரு நூல் வெளிச்சம்
விழுந்துவிட்டதா?

விழுந்தது.
பிறகுதான் ஊதியது.
ஊதியிருக்க வேண்டியது எப்போது
என்று என்னைக் கேட்காதீர்கள்.

வலை ஒருமுறை சுருண்டு விரிந்தது.
அறுநூறு பேர் என் வலக்கையையே பார்க்க,
அல்விடாஸ் மட்டும்
தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விதி கேட்கச் சொன்னது சங்கை,
காலத்தை அல்ல.
இரண்டு விரல் நீட்டி
மணிக்கட்டை மடக்கினேன்:
செல்லும்.

வெளியே, மைனஸ் பதினொன்று.
என் வண்டிக் கண்ணாடியில் உறைபனியை
யாரோ சுரண்டிவிட்டிருந்தார்கள்,
ஓட்டுகிறவள் பக்கம் மட்டும்.
தோற்றவர்களின் பேருந்து
விளக்கு எரிய
இன்னும் அங்கேதான் நின்றது.