அளவுக்குக் கீழே

வேலணைக் கிணறுகளின் உப்பை அளப்பது என் வேலை.
மோட்டார் சைக்கிள் பெட்டியில் முப்பது போத்தல்,
ஒரு கயிறு, ஒரு மானி.
பின்னேரம் படிவம் நிரப்புவேன்.
சில கட்டங்களில் எண் வரும்.
சிலவற்றில்
கண்டறியப்படவில்லை.

அந்தச் சொல்லுக்கு இல்லை என்று பொருளில்லை.
என் மெசினின் கண் அவ்வளவுதான்.
புதிதாய் வேலைக்கு வரும் பெடியளுக்கு
முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

அப்படிப்பட்ட நான்தான்
பெரியாஸ்பத்திரியில் மிசி நீட்டிய தாளில்
அதே சொல்லைக் கண்டு
பஸ் நிலையம் வரை அழுதுகொண்டு நடந்தேன்.
இரண்டு றோல் வாங்கித் தின்றேன்.
மிச்சக் குளிசைகளைப் போத்தலோடு
அலுமாரிக்குப் பின்னால் எறிந்தேன்.

இருபத்தாறு நாள்.
காய்ச்சலில்லை. ஞாயிறுகளில் பந்தடித்தேன்.
அடுத்த நாள் எடுத்த இரத்தத்தில்
எழுபதாயிரம்.

டொக்டர் குகபாலினி ஏசவில்லை.
தாளின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் கீறினா.
"இது உங்கட காவல்காரக் கலம்.
சின்ன வயசில கொப்பளிப்பான் வந்ததெல்லே,
அதை மறக்காமல் வைச்சிருக்கிறது இதுதான்.
திரும்பி வந்தால் எழும்புவம் எண்டு
நித்திரை கொள்ளுது.
கிருமி அதின்ர ஏட்டுக்குள்ள
தன்ர வரியையும் எழுதிப்போட்டுது.
குளிசை புதுசா எழுத விடாது.
எழுதினதை அழிக்காது."

எங்க கிடக்குது?
"கழுத்தில நெறி கட்டுமே, அங்க. குடல் சுவரில."

எத்தினை?
"பத்து லட்சத்துக்கு ஒண்டெண்டினம், நூறெண்டினம்.
ஆரும் முழுசா எண்ணேல்லை."

சாகாதோ?
"சாகும். சில கலம் சாக முதல் ரெண்டாகும்.
ரெண்டிலும் அந்த வரி இருக்கும்."

பண்ணைப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.
இரு பக்கமும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டில்லை.
ஆறில்லாத ஊர் எங்களது.
மாரியில் பெய்வது சுண்ணக்கல்லுக்குள் இறங்கி
கடலின் மேல் வில்லையாய் மிதக்கிறது.
அடியில் உப்பு எங்கும் போய்விடவில்லை.
நன்னீரின் பாரம்தான்
அதை அமத்திப் பிடித்திருக்கிறது.
போன பங்குனியில் அருமைத்துரை
புகையிலைக்கு இரவு பகலாய் பம்ப் போட்டார்.
மூன்றாம் கிழமை கிணறு கரித்தது.
ஆரோ செய்வினை வைச்சிட்டாங்கள் என்று
என்னிடம் சத்தியம் பண்ணினார்.
போத்தலை நிரப்பிக்கொண்டு நான் சிரித்தேன்.
ஒருவரும் வைக்கவில்லை அண்ணை,
அது அங்கேயேதான் இருந்தது.

நாலு வருஷம் ஆகிறது.
ஒன்பது மணிக்கு போன் சிணுங்கும்.
ஒரு குளிசை.
ஆறு மாதத்துக்கொருக்கால் அதே சொல்.
தர்மினி என் தலையணையில்தான் படுக்கிறாள்.
அவளின் தாளில் வேறு சொல்: எதிர்மறை.
அளவுக்குக் கீழே நான் இருக்கும்வரை
என்னிடமிருந்து அவளுக்குப் போகாது என்று
டொக்டர் சொன்ன அன்று
இருவரும் ஒன்றும் பேசாமல்
கீரைக்கறி சமைத்தோம்.
மகள் பிறந்தது அதற்குப் பிறகு.

இந்த மாசியில் மகளுக்குக் கொப்பளிப்பான்.
எனக்கு முந்தி வந்ததால் பக்கத்தில் இருந்தது நான்.
வேப்பிலையால் தடவத் தடவ
சொறியாமல் நித்திரையானாள்.
அந்தச் சின்ன உடம்பில் எங்கோ
ஒரு காவல்காரக் கலம்
இந்தக் கொப்பளங்களை எழுதிக்கொண்டிருக்கும்.
இதை மட்டும். வேறொரு வரியும் இல்லாமல்.
என்னுடையவையும்
பழைய ஆளை அடையாளம் கண்டு
புரண்டு படுத்திருக்கக்கூடும்.
கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

போன் சிணுங்கியது.
அவள் எழும்ப முதல் நிற்பாட்டினேன்.
செம்பில் கிடந்த தண்ணீரோடு விழுங்கினேன்.
சாடையாய்க் கரித்தது.

நாளைக்கு எங்கள் கிணற்றையும் அளக்க வேணும்.