இரண்டாம் தொட்டி

பதினேழாவது கொண்டை ஊசி வளைவில்தான்
சிக்னல் முழுசாகக் கிடைக்கும்.
ஸ்கூட்டியைத் தடுப்புச் சுவரோரம் நிறுத்திவிட்டு நிற்கிறேன்.
கீழே சேலம்,
சாக்குப் பிரிந்து சிதறிய ஜவ்வரிசி போல வெளிச்சம்.
இங்கே ஒன்பதரை.
குன்மிங்கில் நள்ளிரவு.

"மாங்" என்கிறாள் ஷுவேலான்.
மங்கையர்க்கரசி அவள் வாயில் நுழையவில்லை,
முதல் துண்டை மட்டும் வைத்துக்கொண்டாள்.
அவர்கள் பேச்சில் அதற்கு
ஓயாத வேலை என்று பொருளாம்.
"மாங், இரண்டாம் தொட்டி சுடுகிறது."

குளிரூட்டி மதியமே நின்றிருக்கிறது.
பத்தொன்பது டிகிரியில் இருக்கவேண்டியது இருபத்தெட்டில்.
உள்ளே ஐந்நூறு லிட்டர் பீர்,
நாகலூர் மிளகு போட்டது.
ஈரச் சாக்கைச் சுற்று என்கிறேன்.
சுற்றியாச்சு.
ஐஸ்?
மீன்கடையில் கெஞ்சி வாங்கியாச்சு,
கூடவே இரண்டு இறாலும் வந்திருக்கிறது.
சிரிக்கிறோம்.
அவள் முதலில் நிறுத்துகிறாள்.

ஆத்தூர் ரோட்டில் அப்பாவுக்குச் சேகோ ஆலை.
மரவள்ளிப் பால் தொட்டியில் தெளியும்வரை
அவருக்குக் கண் மூடாது.
கூடுதலாக ஒரு ராத்திரி நின்றால் புளித்துவிடும்,
மாவின் வெள்ளை செத்துவிடும்,
ஏலத்தில் நம் மூட்டையை ஒருத்தரும் தொடமாட்டார்.
புளிப்பு எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை.
அந்த வீட்டுப் பெண் நான்
புளிக்கவைப்பதற்கென்றே கடன் வாங்கினேன்.
அப்பாவிடம் சொல்லியிருப்பது: உணவு பதப்படுத்தும் தொழில்.
பொய்யில்லை.

எங்கள் தெருவில் ஏழு மதுக்கடைகள்.
ஐந்தில் இப்போது பெரிய கம்பெனியின் குளிர்பெட்டி,
இலவசம்,
ஒரே நிபந்தனை, எங்கள் குழாயைக் கழற்றிவிட வேண்டும்.
மிச்சம் இரண்டு கடை.
அந்த இரண்டுக்கும் சனிக்கிழமை
எட்டுப் பீப்பாய் தருவதாக வாக்கு.
என் விசாவோ
எந்த மேசையில் தூங்குகிறது என்று தெரியவில்லை.

"மோந்து பார்" என்கிறேன்.
ஏணியில் அவள் ஏறும் சத்தம்.
வாசனை மட்டும் இந்தப் போனில் வராது,
மற்றதெல்லாம் வரும்,
வாடகை கேட்கும் வீட்டுக்காரன் குரல்கூட வரும்.
"வாழைப்பழம்" என்கிறாள்.
"இல்லை. நனைந்த அட்டை."
நீண்ட மௌனம்.
"நகப்பூச்சு."

அந்த ஒரு சொல் போதும்.

"மிளகு மறைத்துவிடும், மாங்"
மெதுவாகச் சொல்கிறாள்.
மறைக்கும்தான்.
அவள் சொல்வதற்கு முன்பே
நான் அதை நினைத்துவிட்டிருந்தேன்,
எட்டுப் பீப்பாயையும் மனதுக்குள் விற்றுவிட்டேன்,
பணத்தையும் எண்ணிவிட்டேன்.
பனி ஏறி வந்து ஸ்கூட்டிக் கண்ணாடியை மூடுகிறது.

"திறந்துவிடு."

போனைத் தரையில் வைக்கிறாள், நான் கேட்கவேண்டுமென்று.
முதலில் ஒரு இருமல்.
பிறகு ஒரே சீராக.
நடுவில் ஏற்காடு கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியதில்
ஐம்பது லிட்டர் போல
எனக்குக் கேட்காமலே போய்விட்டது.
தொட்டி வற்றும்போது
ஒரு விசில் மாதிரி வரும் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

இருவரும் போனை வைக்கவில்லை.
"இறாலை என்ன செய்ய?" என்றாள்.
"வறுத்துச் சாப்பிடு.
மிளகு நிறையப் போடு."

காலையில் ஒண்டிக்கடையில்
வெள்ளையன் தராசோடு உட்கார்ந்திருந்தான்.
போன மிளகு எப்படிப் போச்சு என்றான்.
சாக்கடை குடிச்சிருச்சு என்றேன்.
அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான்.
"அதுக்குப் பிடிச்சுதா?"

இன்னும் ஐந்து கிலோ கேட்டேன்.
கிலோவுக்கு இருபது ரூபாய் ஏற்றியிருந்தான்.
பேரம் பேசினேன்.
பத்து குறைத்தான்.