சட்டைக் கறை

காரைக்குடியில், செக்காலை ரோட்டில்,
ரத்தம் பரிசோதிக்கும் கடையில் எனக்கு வேலை.
பகலெல்லாம் கண்ணாடித் துண்டில் கறை படிப்பவள்
சாயங்காலம் மகன் சட்டையையும் படிக்கிறேன்.

பிளே ஸ்கூல் சுவரில் அச்சடித்திருக்கிறது:
திங்கள் காரட் சாதம். செவ்வாய் கீரைக்கூட்டு.
சட்டையில் திங்களும் மஞ்சள், செவ்வாயும் மஞ்சள்.
பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லை.
மாசம் மூவாயிரத்து ஐந்நூறு.

வியாழன் மட்டும் கருஞ்சிவப்பு.
மோந்து பார்த்தேன்:
பூண்டு, புளி, நல்லெண்ணெய்.
பட்டியலில் இல்லாத காரக்குழம்பு.
பிள்ளைக்கு மூணு வயசு!

சண்டைக்கென்றே பர்மிஷன் போட்டுப் போனேன்.
ஆபீஸ் ரூமில் ஆளில்லை.
பின்பக்கம், குழாயடியில்,
ஆயா செவந்தி தன் டிபன் டப்பாவைத் திறந்து
குழம்புச் சோற்றில் அவர்கள் சாதத்தைக் கொட்டி
காரம் தணியப் பிசைந்து
ஆளுக்கொரு உருண்டை.
ஏழு வாய்.
“வெறும் மஞ்சத்தண்ணி எறங்க மாட்டேங்குது, புள்ளைகளுக்கு”
என்றாள், நிமிராமல்.
என் மகன் என்னைக் கவனிக்கவே இல்லை,
அவன் முறை வந்திருந்தது.

அவளுக்கென்று டப்பாவில்
ஒரு பல் பூண்டு ஒட்டியிருந்தது.

ராத்திரி உட்கார்ந்து புகார் எழுதினேன்.
காரட்டைப் பற்றி, கீரையைப் பற்றி,
ரசீதுத் தேதியோடு.
வியாழக்கிழமையை விட்டுவிட்டேன்.