இடர் கடன்

காரணம் என்ற கட்டத்தில்
‘கூரை திருத்தம்’ என்று எழுதினேன்.
நிறஞ்சலாவும் தயாபரனும் பிணைக்கு ஒப்பமிட்டார்கள்.
இரண்டரை லட்சம்
ஒரு தேயிலைக் கம்பனியின்
ஆறாயிரம் பங்குகளாயிற்று.

கொழும்புத் தரகர் சொன்னார்:
பங்கையே ஈடு வைத்தால் இன்னும் வாங்கலாம்.
விலை இறங்கினால்?
கோல் எடுப்பம், காசு போடவேணும்.
போடாவிட்டால்?
வித்துப்போடுவம்.

வேண்டாம் என்றேன்.
கேற்றடியில் மோட்டர்சைக்கிளை நிறுத்தி
எட்டு வீட்டுக்குக் கேட்கத் தவணை கேட்பவர்களைக்
கிளிநொச்சியில் கண்டிருக்கிறேன்.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில்
இரணைமடுவின் மட்டத்தைப் பதிவது என் வேலை.
இருபத்திரண்டு அடி. இருபத்தொன்றே முக்கால்.
பங்கும் அப்படித்தான் வற்றியது,
நாற்பத்தொன்றிலிருந்து இருபத்தாறுக்கு.
ஒருவரும் கோல் எடுக்கவில்லை.
சம்பளத்தில் சத்தமில்லாமல் வெட்டுப்படுகிறது,
இன்னும் நாலு வருடம் வெட்டுப்படும்.
நித்திரை வருகிறது எனக்கு.

ஐப்பசி மழை.
இரவில் கட்டிலை மூன்றாம் முறை நகர்த்தினேன்,
வாளியை இரண்டு தரம் ஊற்றினேன்.
காலையில், முன் மேசையிலிருந்து நிறஞ்சலா:
‘கூரை எப்பிடி, இப்ப ஒழுகுதில்லைத்தானே?’

இல்லை என்றேன்,
தலை நிமிராமல்.
குளம் ஓரடி ஏறியிருந்தது.
அதை எழுதினேன்.